பவளக்காரத் தெருவிலிருந்து எஸ்நோகாவுக்கு

நவம்பர் 12, சனிக்கிழமை: சாத்திய கதவு

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் யூத ஆலயம் ஒன்றைப் பார்க்கச் சனிக்கிழமை காலையில் புறப்படுவது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம் என்பது, ஆம்ஸ்டெல்வீனிலிருந்து ட்ராமும் மெட்ரோவும் மாறி, தூறலில் நனைந்து, அதன் வாயிலை அடைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வாரத்தின் ஏழு நாள்களில் அந்த ஒரு நாள்தான், ஓய்வு நாளாக, அவர்களுக்கு உரியது. அந்த நாளைத் தேடிப் பிடித்துக்கொண்டு நாங்கள் போய் நின்றோம். வாயிலில் இருந்த இளம் காவலர் என் கையிலிருந்த படக்கருவியையும் என் கணவரின் ஈரத் தொப்பியையும் பார்த்துவிட்டு, "இன்றைக்கு இது அருங்காட்சியகம் இல்லை. நாளைக்கு வாருங்கள்" என்றார். அதில் கடுமை இல்லை, வருத்தமும் இல்லை. இந்த ஊர்க்காரர்கள் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் அதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள் என்பது வந்த இரண்டு வாரங்களில் எங்களுக்குப் பழகியிருந்தது.

நான் பிறந்து வளர்ந்தது சென்னை முத்தியால்பேட்டையில். பள்ளிக்குப் போகும் வழியில் பவளக்காரத் தெருவைத் தினமும் கடந்திருக்கிறேன். அங்கே பவளம் விற்ற செட்டியார்கள் இருந்திருப்பார்கள் என்பதுதான் வெகுகாலம் என் எண்ணம். 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்து கொடுத்து, கோல்கொண்டா வைரத்தை வாங்கிப் போன யூத வணிகர்கள் கோட்டைக்கு வடக்கே குடியிருந்தார்கள் என்பதும், அவர்களில் பலர் ஆம்ஸ்டர்டாம், லண்டன் நகரங்களின் போர்த்துகீசிய யூதக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்பதும் பணி ஓய்வுக்குப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை. 1688இல் சென்னை மாநகராட்சி அமைக்கப்பட்டபோது அதன் முதல் ஆல்டர்மேன்களில் (மூத்த மன்ற உறுப்பினர்களில்) பர்தலோமியோ ரோட்ரிகஸ் போன்ற யூத வணிகர்களும் இருந்தார்கள். ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த ஹைமே டி பைவா என்ற வைர வணிகர் 1687இல் சென்னையிலேயே இறந்து, தங்கசாலைத் தெருவின் வடகோடியில் அடக்கம் செய்யப்பட்டார். தம்பி மகன் வேலை நிமித்தம் இந்த நாட்டுக்கு வந்து, "அத்தை, மாமாவையும் கூட்டிக்கிட்டு ஒரு மாசம் வந்து இருங்களேன்" என்று அழைத்தபோது, மற்றவர்கள் துலிப் மலர்களைப் பற்றிக் கேட்டார்கள். நவம்பரில் துலிப் கிடையாது. நான் கேட்டது இந்த ஆலயத்தை.

இதன் பெயர் எஸ்நோகா. போர்த்துகீசிய யூதர்கள் தங்கள் தொழுகைக் கூடத்துக்கு வைத்த பெயர் அது. ஆம்ஸ்டர்டாம்காரர்கள் அதையும் சுருக்கி 'ஸ்னோகே' என்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சதுரமான, உயரமான செங்கல் கட்டடம். சுற்றிலும் அதைவிட மிகவும் தாழ்ந்த வீடுகள் மதில்போல வரிசையாக நிற்கின்றன. கோபுரமோ குவிமாடமோ இல்லை. ஏதோ துறைமுகப் பண்டகசாலை என்றுதான் என் கணவர் முதலில் நினைத்தார். கட்டியவர்கள் வணிகர்கள் என்பதால் அதைப் பெரிய குற்றமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

திரும்பிப் போக மனம் வராமல் பக்கத்திலிருந்த யோனாஸ் டேனியல் மேயர் சதுக்கத்தில் நின்றோம். அங்கே கைகளைச் சற்று விரித்து, நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் துறைமுகத் தொழிலாளி ஒருவரின் வெண்கலச் சிலை இருக்கிறது. மாரி ஆண்ட்ரீசன் செய்தது, 1952இல் நிறுவப்பட்டது. 1941 பிப்ரவரி 22, 23 தேதிகளில் ஜெர்மானியர்கள் இந்த வட்டாரத்தில் புகுந்து 400க்கும் மேற்பட்ட யூத இளைஞர்களைப் பிடித்து, இந்தச் சதுக்கத்தில்தான் குந்தவைத்தார்கள். இரண்டு நாள் கழித்து, 25ஆம் தேதி, நகரத்தின் ட்ராம் ஓட்டுநர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் வேலையை நிறுத்தினார்கள். ஜெர்மானியர் ஆண்ட ஐரோப்பாவில், யூதர்கள் வேட்டையாடப்பட்டதை எதிர்த்து யூதரல்லாதார் இவ்வளவு பெரிய அளவில் நடத்திய வேலைநிறுத்தம் வேறில்லை. அது இரண்டு நாளில் அடக்கப்பட்டது. பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர்களில் ஏறக்குறைய எல்லோரும் மௌத்ஹவுசன் போன்ற நாஜி வதை முகாம்களில் மாண்டார்கள்.

அங்கிருந்து வாட்டர்லோபிளைன் பழம்பொருள் சந்தை ஐந்து நிமிட நடை. பழைய ராணுவக் கோட்டுகள், சைக்கிள் பூட்டுகள், ஒற்றைக் காதணிகள் எல்லாம் விற்கிறார்கள். எஸ்நோகாவுக்கு முந்தைய தொழுகைக் கூடம் இந்தப் பகுதியில், அப்போது இங்கே ஓடிய ஹவுட்கிராக்ட் கால்வாயின் கரையில் இருந்தது. அங்கேதான் 1656 ஜூலை 27 அன்று, 23 வயதுப் பையன் ஒருவனைச் சமூகத்திலிருந்து விலக்கி, அவனோடு யாரும் பேசக்கூடாது, அவன் எழுதியதை யாரும் படிக்கக்கூடாது என்று அறிவித்தார்கள். அந்தப் பையன், பின்னாளில் பெரும் தத்துவஞானியாகப் பெயர்பெற்ற பாருக் ஸ்பினோசா. இன்று நகர மன்றக் கட்டடத்தின் அருகே கால்வாயைப் பார்த்தபடி அவருக்கு ஒரு சிலை நிற்கிறது. அவருடைய மேலங்கி முழுவதும் சிட்டுக்குருவிகளும் கிளிகளும் பதித்திருக்கிறார்கள். அந்தக் கிளி நம் ஊர்ப் பச்சைக்கிளியேதான். கழுத்தில் ரோஜா வளையம் போட்ட அந்தக் கிளிகள் கூண்டிலிருந்து தப்பி, ஆம்ஸ்டர்டாம் பூங்காக்களில் பெருகிவிட்டன. வெளியிலிருந்து வந்து ஊன்றியவர்களுக்கு அடையாளமாகச் சிற்பி அவற்றைச் சேர்த்தாராம்.

மதியம் நீலப் பாலம் என்ற பாலத்தைக் கடக்கும்போது ஆம்ஸ்டெல் ஆற்றுக் காற்று என் குடையைப் பின்பக்கமாக மடித்து, இரண்டு கம்பிகளை முறித்தது. அதைப் பிரித்துக்கொண்டு சைக்கிள் பாதையில் நின்றுவிட்டேன். எதிரே வந்த மூதாட்டி மணியை அடித்து, என்னைச் சுற்றி வளைந்து போய், திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார். வாழ்த்தாக இருந்திருக்காது. இரவு ஒரு சுரிநாம் உணவகத்தில் ரொட்டியும், நீளமான காராமணிப் பொரியலும், உருளைக்கிழங்கு மசாலாவும் சாப்பிட்டோம். பீஹாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களின் கொள்ளுப் பேரர்கள் சமைத்தது. தட்டு ஒன்று 11 யூரோ. இரண்டு பேர் ஒரு தட்டைப் பகிர்ந்தாலும் மிச்சமிருக்கும்.

நவம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை: மணல்

இன்று வாயிலில் வேறொரு காவலர். பைகளைத் திறந்து காட்டி, குறுகிய இடைவழியில் ஒருவர்பின் ஒருவராக நுழைந்தோம். அக்கம்பக்கத்து அருங்காட்சியகங்களுக்கும் சேர்த்து ஒருவருக்கு ஏறக்குறைய 20 யூரோ. ஆண்கள் தலையை மறைக்க வேண்டும் என்பதால் என் கணவருக்குச் சிறிய வட்டத் தொப்பி ஒன்று கொடுத்தார்கள். பிடித்து நிறுத்த முடியில்லாத தலை என்பதால் முற்றத்துக் காற்றில் அது இரண்டு முறை பறந்தது. இரண்டாம் முறை அதைப் பிடித்துக் கொடுத்த பெரியவர், தம் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி, உள்பக்கத்தில் குத்தியிருந்த கொண்டை ஊசியைக் காட்டினார். அவருக்கு முடி இருந்தது.

நுழைவாயிலின் மேல் எபிரேய எழுத்தில் ஒரு சங்கீத வரி பொறித்திருக்கிறது: உமது மிகுந்த கிருபையினாலே உமது வீட்டுக்குள் பிரவேசிப்பேன் என்பது அதன் பொருள். எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. குறியிட்ட எழுத்துகளைக் கூட்டினால் 1672 என்ற ஆண்டு வருமாம். இந்தக் கட்டடத்தை எழுப்பத் தூண்டிய ரபி (யூத மதகுரு) இசக் அபோவாபின் பெயரும் அந்த வரிக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. ஆனால் 1672இல் கட்டடம் முடியவில்லை. 1671 ஏப்ரலில் அடிக்கல் நாட்டினார்கள். மறு ஆண்டே பிரான்சும் இங்கிலாந்தும் சேர்ந்து நெதர்லாந்தைத் தாக்க, வேலை நின்றுபோயிற்று. 1675 ஆகஸ்ட் 2 அன்றுதான் திறப்பு விழா நடந்தது. தவறிப்போன ஆண்டைக் கல்லிலிருந்து அழிக்காமல் விட்டுவைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

உள்ளே காலை வைத்தவுடன் நின்றுவிட்டேன். தரையில் மணல். மரப்பலகைத் தளத்தின் மேல் மெல்லியதாக, சலித்துப் பரப்பிய வெளிர் மணல். நடந்தால் காலடி ஓசை கேட்பதில்லை. மெல்லிய அரைபடும் சத்தம் மட்டும் வருகிறது. கொச்சியில் உள்ள பரதேசி சினகாகுக்குப் போனவர்களுக்கு அங்கே செருப்பைக் கழற்றிவிட்டுச் சீனத்து நீலப் பூ ஓடுகளின் மேல் வெறுங்காலோடு நடந்தது நினைவிருக்கும். அதே மரபைச் சேர்ந்த இந்த ஆலயத்தில் எல்லோரும் மழைச் சேறு ஒட்டிய காலணிகளோடு மணலில் நடக்கிறார்கள். அந்தச் சேற்றுக்காகத்தான் மணலே. ஈரத்தையும் அழுக்கையும் உறிஞ்சவும் ஓசையை அடக்கவும் பழைய டச்சு வீடுகளில் மணல் தூவும் வழக்கம் இருந்தது. அது இங்கே தங்கிவிட்டது. ஐரோப்பாவில் மணல் தரையுள்ள யூத ஆலயம் இது ஒன்றுதான். மற்றவை கரீபியக் கரையோரங்களில், இங்கிருந்து பிரிந்து போனவர்கள் கட்டியவை. போர்ச்சுகலில் ஒளிந்து தொழுத முன்னோர்கள் காலடி ஓசை கேட்காதிருக்க மணல் பரப்பினார்கள், அதன் நினைவே இது என்றும், இல்லை, மோசே நடந்த பாலைவனத்தின் நினைவு என்றும் அழகான விளக்கங்கள் உண்டு. எனக்குச் சேற்று விளக்கமே போதுமானதாகத் தோன்றியது. ஓசையை மறைக்க நினைப்பவர்கள் இவ்வளவு பெரிய கட்டடத்தை ஊர் நடுவில் எழுப்பமாட்டார்கள்.

உண்மையில் வியப்புக்குரியது அதுதான். அந்தக் காலத்து ஆம்ஸ்டர்டாமில் கத்தோலிக்கர்கள் வெளிப்படையாகத் தொழத் தடை இருந்தது. அவர்கள் வீட்டு மாடிகளில் மறைவாகக் கோயில் வைத்துக்கொண்டார்கள். அப்படியொரு மாடிக் கோயிலை இன்றும் பார்க்கலாம். அதே நகரத்தில் யூதர்கள், அப்போது ஐரோப்பாவிலேயே மிகப் பெரியதாக இருந்த தங்கள் ஆலயத்தை, ஊர் பார்க்கக் கட்டினார்கள். கட்டியவர்களின் பாட்டன் பூட்டன்கள் 1497இல் போர்ச்சுகலில் கட்டாயமாக ஞானஸ்நானம் பெற்றவர்கள். நான்கு தலைமுறை வெளியே கிறித்தவர்களாக வாழ்ந்து, வீட்டுக்குள் எதையோ அரைகுறையாகக் காப்பாற்றி, 1590களிலிருந்து ஒவ்வொரு குடும்பமாக இங்கே வந்து சேர்ந்தவர்கள். தங்கள் மதத்தை அவர்கள் புத்தகம் வைத்துப் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. நாற்பது வயதில் எபிரேய அரிச்சுவடியைக் கையில் எடுத்த வணிகர்களை எண்ணிப் பார்க்கிறேன். புதிதாகக் கற்றவர்களுக்கு இலக்கணத்தில் இருக்கும் பிடிவாதம் பிறப்பிலேயே பேசுகிறவர்களுக்கு இருப்பதில்லை. ஸ்பினோசா மீது அவர்களுக்கு வந்த கோபத்தில் அதற்கும் பங்கிருக்கும் என்பது என் ஊகம்.

கூடத்தை நான்கு பிரம்மாண்டமான கல் தூண்கள் தாங்குகின்றன. எலியாஸ் போமன் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. வண்ணக் கண்ணாடி எதுவும் இல்லை. 72 சன்னல்களிலும் வெறும் தெளிந்த கண்ணாடி, அதன் வழியே சாம்பல் நிற நவம்பர் வெளிச்சம். தென்கிழக்கு மூலையில், எருசலேமின் திசையில், தோரா என்ற வேதச் சுருள்கள் வைக்கும் பேழை ஒரு சிறு வீட்டின் முகப்பைப்போல நிற்கிறது. பிரேசிலின் ஜக்கரண்டா மரத்தால் ஆனது. அந்த மரத்தைக் கொடுத்தவர் மோசே கூரியல் என்ற செல்வர். இவர் ஆம்ஸ்டர்டாமில் போர்ச்சுகல் அரசரின் முகவராக இருந்தவர். சொந்த ஊரில் யூதர் என்று தெரிந்தால் எரித்திருக்கக்கூடிய அரசு, வெளியூரில் அவரையே தன் கணக்குவழக்குக்கு நம்பியிருந்தது. ரபி அபோவாபும் பிரேசிலிலிருந்து திரும்பியவர்தான்: டச்சுக்காரர்கள் ஆண்ட ரெசீஃபே நகரில் ரபியாக இருந்து, 1654இல் போர்த்துகீசியர்கள் அதை மீட்டபோது தப்பி வந்தவர். அந்தப் பேழையைப் பார்க்கும்போது, அந்த மரம் வந்த நாட்டில் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்களையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதைக் காதில் மாட்டிய விளக்கக் கருவி சொல்லவில்லை; அல்லது அது சொன்ன இடத்தில் நான் மணலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம்.

கூடத்தில் மின்சாரம் இல்லை. வெப்பமூட்டும் வசதியும் இல்லை. மேலிருந்து தொங்கும் பித்தளைச் சரவிளக்குகளிலும் இருக்கைகளின் மேலுள்ள தண்டுகளிலுமாக ஆயிரம் மெழுகுத்திரிகள் இருக்கின்றன. மாலைத் தொழுகை என்றால் அவற்றைத்தான் ஏற்றுகிறார்கள். குளிர்காலத்தில் முற்றத்தை அடுத்த சிறிய கூடத்துக்கு மாறிவிடுகிறார்கள். அங்கே மின்விளக்கும் சூடும் உண்டு. ஆனால் பெஞ்சுகள் 1639ஆம் ஆண்டைச் சேர்ந்தவை, பழைய ஆலயத்திலிருந்து எடுத்து வந்தவை. அப்படியானால் ஸ்பினோசாவை விலக்கியபோது சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைத் தாங்கிய பெஞ்சுகள். என் கணவர் அதைக் கேட்டதும் எழுந்துவிட்டார். சில ஆண்டுகளுக்கு முன், 2015இல், அந்த விலக்கை நீக்கலாமா என்று அறிஞர்களை அழைத்து விவாதித்திருக்கிறார்கள். ரபி நீக்க மறுத்துவிட்டார்.

பெண்களுக்கான மாடத்துக்கு ஏறிப் போனேன். 12 தூண்கள் தாங்கும் அந்த மாடத்திலிருந்து பார்த்தால் கீழே ஆண்களின் பெஞ்சுகள் நீளவாக்கில் ஒன்றையொன்று பார்த்தபடி கிடக்கின்றன. ஆயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய இடத்தில் அப்போது ஒன்பது சுற்றுலாப் பயணிகள் இருந்தோம். எல்லாம் அப்படியே இருக்கின்றன, உட்கார ஆள்கள்தான் இல்லை. போருக்கு முன் நெதர்லாந்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட போர்த்துகீசிய யூதர்கள் இருந்தார்கள். போருக்குப் பின் சில நூறு பேர். சுற்றியிருந்த யூதத் தெருக்களில், கொண்டுபோகப்பட்டவர்களின் காலி வீடுகளில் இருந்த மரத்தை 1944-45ஆம் ஆண்டின் பட்டினிக் குளிர்காலத்தில் ஊரார் விறகுக்காகப் பிடுங்கிப் போனதில் வீடுகள் சரிந்து விழுந்தன. இந்தக் கட்டடத்தின் ஒரு பெஞ்சுகூட எரிக்கப்படவில்லை. அதை எண்ணி நான் மகிழ வேண்டும், மகிழ்ச்சி வரவில்லை. மேலே குளிர் கையுறையைத் தாண்டி விரலில் ஏறியது.

முற்றத்தின் ஒரு பக்கத்தில் எட்ஸ் ஹைம் நூலகம். 1616இல் தொடங்கியது, இன்றும் இயங்கும் யூத நூலகங்களில் உலகிலேயே பழமையானது. வாசலில் நின்று பார்த்தோம்: கூரைச் சாளரத்திலிருந்து எண்கோணத் திறப்பு வழியாக இறங்கும் வெளிச்சம், சுழல் மரப்படி, தரையிலிருந்து விட்டம் வரை தோல் அட்டைப் புத்தகங்கள். போரின்போது இவை பெட்டிகளில் அடைத்து ஜெர்மனிக்குக் கொண்டுபோகப்பட்டு, போர் முடிந்து திரும்பி வந்தவை. ஆம்ஸ்டர்டாமிலிருந்து மோசே பெரெய்ரா டி பைவா என்ற வணிகர் 1686இல் கொச்சிக்குப் போய், அங்குள்ள யூதர்களைப் பற்றிப் போர்த்துகீசிய மொழியில் எழுதிய சிறு நூல் மறு ஆண்டே இந்த நகரத்தில் அச்சானது. நம் பக்கத்து மனிதர்கள் என்ன சாப்பிட்டார்கள், எப்படித் தொழுதார்கள் என்பதை இந்த முற்றத்தில் நின்று யாராவது உரக்கப் படித்திருப்பார்கள்.

அருங்காட்சியகத்தின் சிற்றுண்டிக் கடையில் காபி 3.80 யூரோ. கூடவே கெம்பர்போலுஸ் என்ற பண்டம், 4 யூரோவுக்குச் சில்லறை குறைவு. மாவைச் சுருட்டி, உள்ளே இஞ்சித் துண்டும் பாகும் வைத்துச் சுட்டது. கையில் எடுத்தால் பாகு முழங்கை வரை வழிகிறது. போலுஸ் என்பது போர்த்துகீசிய யூதர்கள் கொண்டுவந்த சொல். கெம்பர் என்றால் இஞ்சி. அந்தச் சொல் 'இஞ்சிவேர்' என்பதிலிருந்து கிரேக்கம், லத்தீன் வழியாக இங்கே வந்தது என்று என் கணவர் பரிமாறிய பெண்ணுக்கு விளக்கத் தொடங்கினார். அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரொக்கம் வாங்குவதில்லை, அட்டைதான்" என்றாள். எங்கள் அட்டை அன்றைக்குப் பார்த்து வேலை செய்யவில்லை. பின்னால் நின்றவர், யாரோ என்னவோ, தம் அட்டையைத் தட்டிவிட்டு, நாங்கள் நீட்டிய ரூபாய்... யூரோ நோட்டை வாங்காமல் போய்விட்டார். கையில் நோட்டை வைத்துக்கொண்டு ஏழைகளாக நின்றது இதுவே முதல் முறை.

நாலரை மணிக்கே இருட்டத் தொடங்கியது. வேஸ்பர் தெருவில், நாஜிகளால் கொல்லப்பட்டவர்களுக்காக 2021இல் திறந்த பெயர் நினைவுச் சின்னத்துக்குப் போனோம். டேனியல் லிபெஸ்கிண்ட் வடிவமைத்தது. செங்கல் சுவர்கள், ஒவ்வொரு செங்கலிலும் ஒரு பெயர், பிறந்த தேதி, இறந்தபோது வயது. மொத்தம் 1,02,000க்கும் அதிகமான செங்கற்கள். அகர வரிசைப்படி அடுக்கியிருப்பதால் கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு ஆர் எழுத்துக்குப் போனேன். ரோட்ரிகஸ் என்ற பெயர் இருந்தது. ஒன்றல்ல, ஒன்றன்கீழ் ஒன்றாக. எங்கள் ஊர் மாநகராட்சியின் முதல் பெயர்ப் பட்டியலில் நான் படித்த அதே குடும்பப் பெயர். நேரடி வழித்தோன்றல்களா என்பதற்கு என்னிடம் சான்றில்லை. அந்தப் பெயர் அவர்களிடையே பரவலானதுதான். ஆனாலும் அந்தச் சுவரிலிருந்து கையை எடுக்கச் சற்று நேரமாயிற்று. அருகில் ஓர் இளம் தாய் தன் மகனுக்கு ஒரு செங்கல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். பையன் வயதுகளைக் கூட்டிக்கொண்டே போனான். அவன் கணக்கு எங்கே முடிந்தது என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 14, திங்கட்கிழமை: ஆற்றங்கரைக் கல்லறைகள்

ஆம்ஸ்டெல் ஆற்றைப் பிடித்துக்கொண்டு தெற்கே போனால் அவுடர்கெர்க் என்ற கிராமம். பேருந்தில் போனோம், வயலும் வாய்க்காலும் வாத்துகளும் தவிர வழியில் எதுவும் இல்லை. நகரத்துக்குள் புதைக்க இடம் கிடைக்காத அந்தச் சமூகம் முதலில் வடக்கே வெகுதூரத்தில் க்ரூட் என்ற ஊரில் இடம் வைத்திருந்தது. 1614இல் இங்கே நிலம் வாங்கியது. பிறகு முந்நூறு ஆண்டுகள், பிணங்கள் ஆற்றின் வழியே படகில் வந்தன. கரையில் இறக்கும் இடமும், உடலைக் கழுவிச் சுற்றிவரும் சிறிய செங்கல் வீடும் இன்றும் இருக்கின்றன.

பெத் ஹைம், அதாவது வாழ்வின் வீடு, என்பது இடுகாட்டின் பெயர். கல்லறைகள் எல்லாம் படுக்கைவாக்கில் கிடக்கும் பலகைகள். சதுப்பு நிலம் என்பதால் பல மண்ணுக்குள் போய்விட்டன. பாதி மூழ்கிய கல்லின் மேல் மழைநீர் தேங்கி, எபிரேய எழுத்துகள் நீருக்கடியில் தெரிகின்றன. உருவம் செதுக்கலாகாது என்ற சட்டத்தை இந்தப் பணக்கார வணிகர்கள் சாவில் சற்றே தளர்த்திக்கொண்டார்கள் போலும்: தாவீது என்பவர் இறந்தால் யாழோடு தாவீது அரசர், ஆபிரகாம் என்பவர் இறந்தால் மகனைப் பலியிடப்போகும் ஆபிரகாம் என்று பளிங்கில் முழுக்காட்சிகளே செதுக்கியிருக்கிறார்கள். ஸ்பினோசாவின் தாயும் தந்தையும் இங்கே இருக்கிறார்கள். மகன் ஹேக் நகரத் தேவாலயம் ஒன்றில்.

நான் முக்கியமாகத் தேடியது எலியேசரின் கல்லை. 1629இல் இறந்த கறுப்பினத்தவர். ஒரு வணிகர் வீட்டில் வேலைக்காரராகவோ அடிமையாகவோ இருந்து, யூதராகி, எசமானர்களோடு இந்த நிலத்திலேயே அடக்கமானவர். சுரிநாமிலிருந்து வந்த கறுப்பினத்தவர்கள் ஆண்டுதோறும் இங்கே கூடி அவரை நினைவுகூர்கிறார்கள். நேற்று ஜக்கரண்டா பேழையின் முன் எனக்கு எழுந்த கேள்விக்கு இந்தச் சிறு கல் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி எனக்கு மட்டும் எழுந்ததல்ல என்று தெரிந்தது.

ஒரு மணி நேரம் மழை நிற்கவே இல்லை. குடையும் இல்லை. என் கணவர் சேற்றில் முழங்காலிட்டு விழுந்து எழுந்தார். அடியில்லை, கால்சட்டைதான் போயிற்று. எதிரே ஒரு சிற்றுண்டி விடுதியில் நுழைந்து, உள்ளே வரலாமா என்று அவர் வாசலில் தயங்கியபோது, கடைக்காரப் பெண்மணி அவரை ஏற இறங்கப் பார்த்து, "விழுந்துவிட்டீர்கள்" என்று மட்டும் சொல்லி, நாற்காலியில் பழைய செய்தித்தாளை விரித்தார். பட்டாணி சூப் 7.50 யூரோ, கரண்டி நட்டால் நிற்கும் கெட்டி. இறைச்சி போடாமல் கேட்டதற்கு வியப்பைக் காட்டிவிட்டு, ஒரு துண்டு கம்பு ரொட்டியைக் கூடுதலாக வைத்தார்.

நவம்பர் 15, செவ்வாய்க்கிழமை: ஓவியம்

காலையில் காய்ச்சல் வருவதுபோல இருந்தது. மிளகு ரசம் வைத்துக் குடித்துவிட்டு, மதியத்துக்கு மேல் ரைக்ஸ்மியூசியத்துக்குப் போனோம். ரெம்பிராண்ட்டின் 'இரவுக் காவல்' முன் நூறு பேர் நின்றார்கள். அவர்களைத் தாண்டி, நான் தேடிப் போனது இமானுவேல் டி விட்டே 1680இல் வரைந்த எஸ்நோகாவின் உட்புறம். திறந்து ஐந்தே ஆண்டுகள் ஆன ஆலயம். அதே நான்கு தூண்கள், அதே பித்தளை விளக்குகள், வலமும் இடமும் அதே மாடங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் நின்ற இடத்தை விரலால் காட்ட முடிகிறது. ஆனால் ஓவியத்தில் இடமில்லை. தொப்பி வைத்தவர்கள் பெஞ்சுகளை நிரப்பியிருக்கிறார்கள். முன்னால் நமக்கு முதுகைக் காட்டியபடி, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் போன்ற சிலர் நிற்கிறார்கள். அப்போதே வெளியார் பார்க்க வந்தார்கள். அப்போது அது அருங்காட்சியகம் இல்லை.

தரை மணலா பலகையா என்று பார்க்கக் கிட்டே குனிந்தேன். மங்கிய பழுப்புதான் தெரிந்தது. காவலாளி பெண் தொண்டையைச் செருமினார். ஒரு முழம் பின்னால் வந்தேன். "நாயைப் பார்த்தாயா?" என்று என் கணவர் கேட்டார். நான் பார்க்கவில்லை. கீழே, முன்பக்கத்தில், யாருடையதோ தெரியாத நாய் ஒன்று, தொழுகை நடக்கும் கூடத்துக்குள் சாவகாசமாக நின்றுகொண்டிருந்தது. கூட்டம் வந்து மறைக்கும்வரை இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு தம்பி மகன் தொலைபேசியில் கூப்பிட்டு, வரும் வழியில் கொத்தமல்லி வாங்கி வரச் சொன்னான்; ஒரு கட்டு 1.50 யூரோ.